கெக்கை யார் கடைக்குக் கொண்டுபோவது? அமெரிக்கச் சிறு பிரூவரிகளும் மது விநியோகச் சட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்த் கரோலினாவில் ஒரு சின்ன பிரூவரியில், அதாவது பீர் காய்ச்சும் ஆலையில், ஏழு வருடம் கணக்கு பார்த்தேன். வேலைக்குப் பெயர்தான் கணக்கு. செவ்வாய்க்கிழமை காலையானால் வேனில் கெக் ஏற்றுவது, பாருக்குப் பார் போய் இறக்குவது, காலி கெக்கைத் திருப்பி எடுத்து வருவது எல்லாம் அதில் அடக்கம். கெக் என்றால் பீர் அடைத்து வரும் எஃகுப் பீப்பாய். பெரிய கெக் நிரம்பியிருந்தால் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் இல்லாமல் தூக்கக் கூடாது.

இங்கே பிரூவரி தொடங்கலாமா என்று யோசிக்கும் தமிழ் நண்பர்கள் அவ்வப்போது பேசுகிறார்கள். காய்ச்சுவது பற்றி நிறையப் படித்திருக்கிறார்கள். விற்பது பற்றிய சட்டத்தைத்தான் யாரும் படித்திருப்பதில்லை. பிரூவரிகள் பலவற்றின் கழுத்தைப் பிடிப்பது அந்தச் சட்டம்தான். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

'சிறு பிரூவரி' என்றால் எவ்வளவு சிறியது?

இங்கே எல்லாக் கணக்கும் பேரலில்தான். ஒரு பேரல் 31 கேலன், அதாவது சுமார் 117 லிட்டர். பிரூவர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தின் வரையறைப்படி ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை காய்ச்சுகிறவர்கள் 'கிராஃப்ட்', அதாவது சிறு பிரூவரி, கணக்கில் வருவார்கள். வேறொரு பெரிய மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. 60 லட்சம் என்பது நம் கண்ணுக்குச் சிறியதே இல்லை. நான் இங்கே பேசுவது ஆண்டுக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் பேரல் வரை காய்ச்சும் இடங்களைப் பற்றி. நாட்டில் இன்று 9,000-க்கும் மேற்பட்ட பிரூவரிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவில்தான் ஓடுகின்றன.

மூன்றடுக்கு முறை என்கிறார்களே, அது என்ன? ஏன் வந்தது?

காய்ச்சுகிறவர் ஓர் அடுக்கு. மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொண்டுபோகும் விநியோகஸ்தர் இரண்டாவது அடுக்கு. பாரும் கடையும் மூன்றாவது. ஒருவர் இன்னொருவரின் அடுக்கில் கால் வைக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. பீர் காய்ச்சுகிறவர் பார் வைத்திருக்க முடியாது, பாருக்குப் பணமோ பொருளோ கொடுக்கவும் முடியாது, நேரே போய் விற்கவும் முடியாது. விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதுமே.

இது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் திட்டுவது நியாயமில்லை. மதுவிலக்குக்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் தெருவுக்குத் தெரு சலூன்கள் இருந்தன. இங்கே சலூன் என்றால் மதுக்கடை. அவற்றில் பலவற்றைப் பின்னாலிருந்து நடத்தியது பெரிய பிரூவரிகள். கடைக்கு மேஜை நாற்காலி, கண்ணாடி, லைசென்ஸ் கட்டணம், கடன் எல்லாம் பிரூவரி கொடுக்கும். பதிலுக்கு அந்தக் கடையில் அந்த பிரூவரியின் பீர் மட்டும்தான் ஓட வேண்டும். கடன் வாங்கியவர் என்ன செய்வார்? இலவசச் சாப்பாடு என்று உப்பு தூக்கலான பண்டங்களை வைத்து இன்னும் இரண்டு கிளாஸ் குடிக்க வைப்பார். சம்பளப் பணம் வீடு போய்ச் சேராத குடும்பங்கள் ஏராளம். மதுவிலக்கு இயக்கம் அவ்வளவு வலுப்பெற்றதற்கு அந்தச் சலூன்கள் ஒரு முக்கியக் காரணம்.

1920 ஜனவரி 17 அன்று மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5 அன்று 21-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை நீக்கியது. பழைய சலூன் காலம் திரும்பிவிடக் கூடாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் பல மாநிலங்கள் காய்ச்சுகிறவருக்கும் கடைக்காரருக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பின. அந்தச் சுவர்தான் விநியோகஸ்தர். 1935-இல் மத்திய அரசும் தன் பங்குக்கு ஒரு சட்டம் கொண்டுவந்து, கடைகளைப் பிரூவரிகள் வளைத்துப்போடுவதைத் தடுத்தது.

அந்தப் பயம் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சுவர் கட்டியபோது அதன் ஓரத்தில் சின்னஞ்சிறு பிரூவரிகள் வந்து நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1970-களின் கடைசியில் நாடு முழுவதும் நூறு பிரூவரிகள்கூட இல்லை. புதுக்காலச் சிறு பிரூவரிகளுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் நியூ ஆல்பியன் 1976-இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் தொடங்கி 1982-இல் மூடியது. வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதை மத்தியச் சட்டம் அனுமதித்ததே 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான். இன்று கிராஃப்ட் பீர் உலகத்தில் பெயர் வாங்கிய பலர் அப்படி வீட்டு கராஜில் காய்ச்சிப் பழகியவர்கள். யானைக்குப் போட்ட சங்கிலியை ஆட்டுக்குட்டியின் காலில் கட்டியது போல, பழைய சட்டம் அவர்கள் மேல் வந்து விழுந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி ஏன் இவ்வளவு மாறுகிறது?

21-வது திருத்தத்தின் இரண்டாவது பிரிவு மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்துவிட்டது. அதனால் 50 மாநிலத்துக்கு 50 சட்டப் புத்தகம். எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்தில் விற்க வேண்டுமென்றால் லைசென்ஸ், ஒப்பந்தம், அறிக்கை எல்லாம் முதலிலிருந்து.

நம்ம ஊர் டாஸ்மாக் மாதிரி அரசே விற்கிற மாநிலங்கள் உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் 1983-இல் டாஸ்மாக் மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 2003-இல் சில்லறையும் அதன் கைக்கு வந்தது. இங்கே 17 மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் மது வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் விஸ்கியும் ஒயினும் விற்கும் அரசுக் கடைகளைப் பார்க்கலாம். ஆனால் அவற்றின் பிடி பெரும்பாலும் விஸ்கி, வோட்கா வகைகளின் மேல்தான். பீர் பெரும்பாலும் தனியார் விநியோகஸ்தர் வழியாகவே போகிறது. ஆகவே பீர் காய்ச்சுகிறவருக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் சட்டத்தின் காவலோடு நிற்கும் ஒரு தனியார் முதலாளி.

நானே காய்ச்சி, நானே வேனில் ஏற்றி, பக்கத்து பாருக்குக் கொடுக்க முடியாதா?

இதற்குப் பெயர் சுய விநியோகம். சில மாநிலங்கள் அனுமதிக்கவே இல்லை. பல மாநிலங்கள் ஓர் உச்சவரம்பு வைத்து அனுமதிக்கின்றன. ஆரம்பிக்கிறவருக்கு உயிர்மூச்சு இதுதான்.

எங்கள் மாநிலத்தின் கதையையே சொல்கிறேன். நார்த் கரோலினாவில் 25,000 பேரலுக்குக் கீழே இருக்கும் பிரூவரி தானே விநியோகம் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான். தாண்டிய பகுதியை மட்டும் அல்ல, மொத்த விநியோகத்தையுமே ஒரு விநியோகஸ்தரிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டி வாங்கி, டிரைவர் வைத்து, பத்து வருடமாக ஒவ்வொரு பாராக ஏறி இறங்கிப் பிடித்த வாடிக்கை எல்லாம் ஒரே நாளில் கைமாறிவிடும். இதற்கு அஞ்சியே பிரூவரிகள் தங்கள் வளர்ச்சிக்குத் தாங்களாகவே கடிவாளம் போட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

சார்லட் நகரத்தின் ஓல்ட் மெக்லன்பர்க், நோடா என்ற இரண்டு பிரூவரிகள் இதை எதிர்த்து நின்றன. 2017-இல் வரம்பை உயர்த்தச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. குழுவிலேயே அந்தப் பகுதியை உருவிவிட்டார்கள். இருவரும் வழக்குப் போட்டார்கள். 2019-இல் சமரசமாகி ஒரு புதிய சட்டம் வந்தது. மொத்தம் ஒரு லட்சம் பேரலுக்குக் கீழே விற்கும் பிரூவரி அதில் 50,000 பேரல் வரை தானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் அந்த வரம்பின் பக்கத்தில்கூட இல்லை. இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிவதே ஒரு நிம்மதி.

விநியோகஸ்தர் நடுவில் வந்தால் பணத்தில் எவ்வளவு போகும்?

கணக்குக்காக ஒரு பெரிய கெக்கை எடுத்துக்கொள்வோம். அதில் 15.5 கேலன். 16 அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினால் 124 கிளாஸ் வரும். நுரையிலும் குழாயிலும் போவது போக 110 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சொந்த டேப்ரூமில், அதாவது பிரூவரிக்குள்ளேயே இருக்கும் விற்பனைக் கூடத்தில், கிளாஸ் 6 டாலருக்கு விற்றால் 660 டாலர்.

அதே கெக்கை நீங்களே பாருக்குக் கொண்டுபோய் 200 டாலருக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வண்டி, பெட்ரோல், ஆள் கூலி உங்கள் செலவு.

விநியோகஸ்தர் வழியாகப் போனால், பாருக்கு அதே 200 டாலர் விலை. அவருடைய பங்கு பொதுவாக 25 முதல் 30 சதவீதம். 30 என்று போட்டால் உங்கள் கைக்கு 140 டாலர். மால்ட் என்ற முளைகட்டிய தானியம், பீருக்கு மணம் தரும் ஹாப்ஸ் என்ற பூ, கூலி, வாடகை, கெக் கழுவும் செலவு எல்லாம் இந்த 140-க்குள் அடங்க வேண்டும். பெரிய ஆலைக்கு ஒரு கெக் காய்ச்ச ஆகும் செலவு வேறு. ஒரு தடவைக்கு 10 பேரல் காய்ச்சுகிறவருக்கு ஆகும் செலவு வேறு. 660, 200, 140 என்ற இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். யார் வந்து என்ன ஆலோசனை சொன்னாலும் முதலில் அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

விநியோகஸ்தர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள முடியாதா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது.

பெரும்பாலான மாநிலங்களில் ஃபிரான்சைஸ் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு விநியோகஸ்தருக்கு உங்கள் பிராண்டைக் கொடுத்துவிட்டால், 'தகுந்த காரணம்' இல்லாமல் திரும்ப வாங்க முடியாது. என்ன தகுந்த காரணம் என்பதைச் சட்டமே சொல்லும். அந்தப் பட்டியல் மிகக் குறுகலாக இருக்கும். விற்பனை மந்தம், அக்கறை இல்லை, போனை எடுப்பதில்லை என்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிரூபிப்பது லேசில்லை.

இதற்கும் ஒரு நியாயமான தொடக்கம் உண்டு. ஒரு காலத்தில் விநியோகஸ்தர்கள் சின்னக் குடும்ப நிறுவனங்கள்; எதிரே இருந்தது ராட்சச பிரூவரிகள். கிடங்கும் லாரியும் கடன் போட்டு வாங்கியவரை, 'அடுத்த மாதத்திலிருந்து நீ வேண்டாம்' என்று ஒரு கடிதத்தில் கழற்றிவிட முடிந்தது. அவர்களைக் காக்கத்தான் 1970-களில் மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் போட்டன. இன்று நிலைமை தலைகீழ். விநியோகஸ்தர்கள் ஒன்றை ஒன்று வாங்கிப் பெருத்துவிட்டார்கள். அவர்களுடைய பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கான பிராண்டுகளில் உங்களுடையது ஒரு வரி. சட்டம் மட்டும் இன்னமும் அவர்களையே பலவீனமானவர் என்று நினைக்கிறது.

மாசசூசெட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1971-இலிருந்து இருந்த விதிப்படி, ஆறு மாதம் ஒரு விநியோகஸ்தருக்குத் தொடர்ந்து சரக்கு போட்டாலே போதும், எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கட்டுப்பட்டுவிடுவீர்கள். இரண்டு தரப்பும் பல வருடம் சண்டை போட்ட பிறகு 2021 ஜனவரியில் ஒரு மாற்றம் வந்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பேரலுக்குக் கீழே இருப்பவர்கள் முன்னறிவிப்பு கொடுத்து, சந்தை மதிப்பில் நஷ்டஈடு தந்துவிட்டு வெளியே வரலாம். நியூயார்க் இதை 2012-லேயே செய்துவிட்டது. மூன்று லட்சம் பேரலுக்குக் கீழே இருக்கும் பிரூவரி, அந்த விநியோகஸ்தரின் வியாபாரத்தில் மிகச் சிறு பங்காக இருந்தால், நஷ்டஈடு கொடுத்து விலகலாம்.

மிச்சிகனின் பெல்ஸ் பிரூவரிக்கு நடந்தது இன்னும் கடுமை. 2006-இல் இல்லினாயில் அவர்களுடைய விநியோகஸ்தர், பெல்ஸ் பீரை விற்கும் உரிமையை இன்னொரு விநியோகஸ்தருக்கு விற்கப் போனார். காய்ச்சுகிறவருக்கு அதில் விருப்பமில்லை. தன் பீர் பெரிய பிராண்டுகளுக்கு நடுவே ஒரு மூலையில் போய்விடும் என்ற பயம். கடைசியில் பெல்ஸ் இல்லினாய் மாநிலத்தை விட்டே வெளியேறியது. சிகாகோ அவர்களுக்கு எவ்வளவு பெரிய சந்தை என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்; ஏரியின் அந்தப் பக்கம்தான். அடுத்த வருடம் வேறு பெயர் வைத்த பீர்களோடு, வேறு விநியோகஸ்தர் வழியாகத் திரும்பி வந்தார்கள். தான் பெற்ற பிள்ளைக்கு வேறு பெயர் வைத்துத்தான் ஊருக்குள் அழைத்து வர முடிந்தது.

டெக்ஸஸில் 2013-இல் வந்த ஒரு விதி இதையும் தாண்டியது. விநியோகஸ்தர்கள் ஒரு பிராண்டின் வட்டார உரிமையைத் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். ஆனால் அந்த உரிமையை முதலில் கொடுக்கும் பிரூவரி அதற்குக் காசு வாங்கக் கூடாது. லைவ் ஓக், பெட்டிகோலாஸ், ரிவால்வர் என்ற மூன்று பிரூவரிகள் 2014-இல் வழக்குப் போட்டன. 2016-இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள்.

உங்களுக்கே அப்படி ஏதாவது நடந்ததா?

நடந்தது. இரண்டு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தள்ளி இருந்த கடைகளுக்கு வேன் ஓட்டி மாளாது என்று ஒரு விநியோகஸ்தரிடம் அந்த வட்டாரத்தைக் கொடுத்தோம். முதல் ஆறு மாதம் நன்றாகப் போனது. ஒரு ஆகஸ்ட் மாதம் ஒரு கடைக்காரர் போன் செய்தார். 'உங்க ஐபிஏ நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்குப்பா' என்றார். ஐபிஏ என்பது ஹாப்ஸ் மணம் தூக்கலான ஒரு பீர் வகை. நேரில் போய் ஒரு டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நாங்கள் அச்சடித்த தேதி, மார்ச் மாதத்தியது. ஐந்து மாதச் சரக்கு. குளிரூட்டாத கிடங்கில் இருந்திருக்கிறது. அந்தக் கோடை வெயிலில் அட்டைப்பெட்டியே கையில் சூடாகத்தான் இருந்தது. ஹாப்ஸ் மணத்துக்காகக் குடிக்கும் பீரில் மூன்று மாதத்திலேயே மணம் மங்கத் தொடங்கிவிடும். வெயிலில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்று கடிதம் எழுதினோம். பதில் வந்தது, மாற்றம் வரவில்லை. வக்கீலிடம் போனோம். தகுந்த காரணம் என்று வாதாடலாம். ஆனால் வழக்குச் செலவும், தோற்றால் நஷ்டஈடும் சேர்ந்தால் உங்கள் ஒரு வருட லாபம் போய்விடும் என்றார். மடித்து வைத்துவிட்டோம். அந்த வட்டாரத்துக்கு ஐபிஏ அனுப்புவதைக் குறைத்து, வெயில் தாங்கும் கருப்பு பீரை அனுப்பினோம். அந்த டின் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

அப்படியானால் விநியோகஸ்தர்கள் எல்லோரும் கெட்டவர்களா?

இல்லவே இல்லை. நல்ல விநியோகஸ்தர் கிடைத்தால் அது வரம். குளிர்க்கிடங்கு, லாரி, நாற்பது விற்பனையாளர், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் கதவைத் திறக்கும் செல்வாக்கு. இவற்றை ஒரு சிறு பிரூவரி பத்து வருடத்திலும் கட்ட முடியாது. பாரின் குழாயைக் கழுவிச் சுத்தமாக வைப்பதைக்கூடப் பல இடங்களில் அவர்கள் ஆட்களே செய்கிறார்கள். எனக்கு ஆட்சேபம் இரண்டில்தான். கட்டாயமாக அவர் வழியே போ என்பது ஒன்று. போன பிறகு திரும்பி வராதே என்பது இன்னொன்று.

சொந்த டேப்ரூமில் விற்பதற்குமா தடை?

பல மாநிலங்களில் நேற்று வரை இருந்தது. ஜார்ஜியாவில் 2017 செப்டம்பர் வரை பிரூவரி தன் வாசலில் பீரை நேரடியாக விற்க முடியாது. பிரூவரியைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் விற்பார்கள். சுற்றிப் பார்க்கிறவருக்குப் பீர் 'இலவசம்'. அந்த மாதத்திலிருந்துதான் ஆண்டுக்கு 3,000 பேரல் வரை நேரடி விற்பனை அனுமதியானது.

ஃபுளோரிடாவில் வேறு மாதிரி. வீட்டுக்கு எடுத்துப்போக கிரௌலர் என்ற கண்ணாடிக் குடுவையில் நிரப்பித் தருவார்கள். அங்கே 32 அவுன்ஸ் குடுவை சட்டப்படி சரி, 128 அவுன்ஸும் சரி. ஆனால் நாடு முழுக்க வழக்கத்தில் இருக்கும் 64 அவுன்ஸ் குடுவைக்கு மட்டும் தடை! 2015 ஜூலையில்தான் அது நீங்கியது. பல வருடம் அங்கே வந்த சுற்றுலாக்காரர்கள் தங்கள் ஊர்க் குடுவையை நீட்டி, நிரப்ப முடியாது என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

டெக்ஸஸில் 2019 செப்டம்பர் வரை, பிரூவரிக்குப் போய்க் குடிக்கலாம், ஒரு டின்கூட வீட்டுக்கு வாங்கிவர முடியாது. இப்போது ஒருவர் ஒரு நாளைக்கு 288 அவுன்ஸ், அதாவது 24 டின் கொண்ட ஒரு பெட்டி வாங்கலாம். அதே மாநிலத்தில் 2017-இல் வந்த இன்னொரு விதி இருக்கிறது. 2,25,000 பேரலைத் தாண்டிய பிரூவரி தன் டேப்ரூமில் விற்கும் பீரையே முதலில் விநியோகஸ்தருக்கு விற்று, அவரிடமிருந்து திரும்ப வாங்கித்தான் விற்க வேண்டும். சரக்கு கட்டடத்தை விட்டு நகர வேண்டியதுகூட இல்லை. விநியோகஸ்தருக்கு ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மேலே சொன்ன 660 டாலர் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு பிரூவரி முதல் இரண்டு வருடத்தைத் தாண்டுவது பெரும்பாலும் டேப்ரூம் காசில்தான்.

பெரிய நிறுவனங்கள் விநியோகத்தை எப்படி வளைக்கின்றன?

பெரும்பாலான ஊர்களில் இரண்டு பெரிய விநியோகக் கிடங்குகள் இருக்கும். ஒன்று பட்வைசர் விற்கும் ஏபி இன்பெவ் பக்கம். இன்னொன்று மில்லர், கூர்ஸ் பக்கம். சின்ன பிராண்டுகள் இந்த இரண்டில் ஒன்றின் லாரியில் இடம் பிடிக்கப் பார்க்கும்.

2015 கடைசியில் ஏபி இன்பெவ் ஒரு ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. விநியோகஸ்தர் விற்கும் சரக்கில் 98 சதவீதம் தங்கள் பிராண்டாக இருந்தால், விளம்பரச் செலவில் 75 சதவீதம் வரை திருப்பித் தருவதாகச் சொன்னது. மிச்சம் இருக்கும் இரண்டு சதவீதத்தில் எத்தனை சிறு பிரூவரி நிற்க முடியும்? 2016-இல் அந்நிறுவனம் சாப்மில்லர் என்ற இன்னொரு பெரிய பீர் நிறுவனத்தை வாங்கியபோது அமெரிக்க நீதித்துறை தலையிட்டது. இப்படிப்பட்ட ஊக்கத் திட்டங்களுக்குத் தடை போட்டது; சொந்த விநியோகஸ்தர்கள் வழியே விற்பது மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது.

பாரின் பீர் குழாய் வரிசையில் இடம் பிடிக்கக் காசு கொடுப்பதும் உண்டு. அது சட்டவிரோதம். பாஸ்டன் பக்கம் ஒரு சிறு பிரூவர் 2014-இல் இதை ட்விட்டரில் வெளிப்படையாக எழுதினார். மாநில மதுக் கட்டுப்பாட்டு ஆணையம் விசாரித்தது. 2016-இல் ஒரு விநியோகஸ்தர் 26 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். இந்த இடத்தில் பழைய சுவர் சிறு பிரூவரிகளுக்குத்தான் துணை நிற்கிறது. அதனால்தான் மூன்றடுக்கு முறையை மொத்தமாக இடித்துத் தள்ள வேண்டும் என்று நான் சொல்வதில்லை.

லேபிளுக்கும் அனுமதி வேண்டுமா?

மாநிலம் தாண்டி விற்க வேண்டும் என்றால் மத்திய அரசின் மது மற்றும் புகையிலை வரிப் பணியகத்திடம் ஒவ்வொரு லேபிளுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். சாதாரணமாக அது பெரிய தலைவலி இல்லை. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் மத்திய அரசு முடங்கியபோதுதான் தலைவலியானது. வாஷிங்டன் நகரத்தின் அட்லஸ் பிரூ ஒர்க்ஸ், ஆப்ரிகாட் பழம் சேர்த்த ஐபிஏ ஒன்றைக் காய்ச்சி வைத்துவிட்டு, கெக் லேபிளுக்கு ஒப்புதல் தர அலுவலகத்தில் ஆள் இல்லாமல் தவித்தது. அரசு மேல் வழக்கே போட்டது. பீருக்கு அரசு திறக்கும் வரை காத்திருக்கத் தெரியாது.

வரி?

இதில் நல்ல செய்தி. மத்திய கலால் வரி பொதுவாக ஒரு பேரலுக்கு 16 டாலர்; 60 லட்சம் பேரலுக்கு மேல் போகும் பகுதிக்கு 18 டாலர். ஆண்டுக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் போகாத உள்நாட்டு பிரூவரிகளுக்கு முதல் 60,000 பேரல் வரை 3.50 டாலர்தான். 2020 டிசம்பரில் இது நிரந்தரமாக்கப்பட்டது. மாநில வரி தனி.

ஆன்லைனில் ஆர்டர் வாங்கி வீட்டுக்கே அனுப்பலாமா?

சில மாநிலங்களுக்குள் மட்டும். ஒயின்காரர்களுக்கு 2005-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வழி திறந்தது. உள்ளூர் ஒயினுக்கு அனுமதித்து வெளியூர் ஒயினுக்குத் தடை போடக் கூடாது என்று அது சொன்னது. அதன் பிறகு ஒயின் அனுப்ப நிறைய மாநிலங்கள் கதவைத் திறந்தன. பீருக்கு அந்தக் கதவு இன்னும் ஒருச்சாய்த்தே இருக்கிறது. தவிர, பீர் கனமான சரக்கு, குளிரும் வேண்டும். அனுப்பும் செலவே பீர் விலையை எட்டிவிடும்.

நான் ஒரு விநியோகஸ்தரோடு ஒப்பந்தம் போடப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

மதுச் சட்டம் தெரிந்த, உங்கள் மாநிலத்து வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொது வக்கீல் போதாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் மாநிலச் சட்டம் அதை மீறி நிற்கும் இடங்கள் உண்டு. அவை எவை என்று முதலில் கேளுங்கள்.

வட்டாரத்தைச் சின்னதாகக் கொடுங்கள். மாநிலம் முழுவதையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை எனக்குத் தெரியும். ஒரு கவுண்டி, இரண்டு கவுண்டி என்று தொடங்கி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டலாம். இனிமேல் நீங்கள் காய்ச்சப்போகும் பீர்களும் தானாக அவருக்கே போகுமா என்பதைக் கவனியுங்கள். சில மாநிலங்களில் பெயர் ஒட்டியிருந்தாலே போய்விடும்.

பழைய சரக்கை யார் எடுத்துக்கொள்வது, எத்தனை நாளில், யார் செலவில் என்று எழுதி வாங்குங்கள். விலகினால் நஷ்டஈடு எந்தக் கணக்கில் என்பதையும் எண்ணாகவே எழுதுங்கள். 'நியாயமான மதிப்பு' என்று மட்டும் விட்டுவிட்டால், அந்த நியாயம் வக்கீல் பீஸில் முடியும்.

அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அவர்களுடைய கிடங்குக்குப் போய்வாருங்கள். முடிந்தால் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். உள்ளே குளிர்கிறதா என்று பாருங்கள். அலமாரியில் இருக்கும் வேறு யாரோ ஒரு சிறு பிரூவரியின் டின்னை எடுத்து, கவிழ்த்து, அடியில் இருக்கும் தேதியைப் படியுங்கள்.